நிற்கும் இடம் அறிந்த காவலர்

உதைபந்தாட்டத்தைக் காண்போர் பந்தைக் கோலினுட் செலுத்துவோனைப் புகழ்வர். அதனைத் தடுப்போன் பாய்ந்து வீழ்ந்தாற்றான் அவனையும் நோக்குவர். பாயாமலே காத்த ஒருவரின் வரலாறு இங்கு ஆராயத்தக்கது. அவரே இங்கிலாந்தின் சாம் ஹார்டி.

1882ஆம் ஆண்டில் டார்பிசயர் மாகாணத்து நியூபோல்ட் என்னும் ஊரிற் பிறந்த ஹார்டி, முதலிற் செஸ்ரர்பீல்ட் கழகத்திற்கு ஆடினார். 1905ஆம் ஆண்டில் இலிவர்பூல் கழகம் அவருக்கெதிராக ஆறு கோல்கள் போட்டது. ஆயினும் அக்கழகத்தின் முகாமையாளர் தொம் வாற்சன், தோல்வியினூடே ஹார்டியின் திறமையைக் கண்டு, அவ்வாண்டிலேயே அவரைத் தம் கழகத்திற் சேர்த்துக்கொண்டார். அப்பருவ முடிவில், 1906இல், இலிவர்பூல் முதற் பிரிவின் வெற்றிக் கழகமாயிற்று. எண்ணிக்கையை மட்டும் நோக்கியிருப்பின் வாற்சன் இவரை இழந்திருப்பார்.

ஹார்டியின் திறமை யாது? கோலின் அகலம் 24 அடி. உயரம் 8 அடி. கோட்டின்மேலேயே நிற்பவனுக்கு இரு பக்கமும் பெருவெளி. பந்தை உதைப்பவனை நோக்கி முன்னே வருந்தோறும் அவன் கண்ணுக்குத் தோன்றும் வெளி குறுகும். மிக முன்னே வந்தாலோ தலைக்கு மேலாகப் பந்து சென்றுவிடும். இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கவேண்டிய இடத்தை முன்னரே உணர்ந்து நின்றமையே ஹார்டியின் சிறப்பு. அதனாற் பந்து தானே அவர் கைகளை நாடி வந்ததுபோலத் தோன்றிற்று.

1912ஆம் ஆண்டு வரை கோல் காப்பாளர் தம் பாதி மைதானம் முழுவதிலும் பந்தைக் கையாலாம். அவ்வாண்டில் அவ்வுரிமை தண்ட எல்லைக்குட் சுருக்கப்பட்டது. அதே ஆண்டில் ஹார்டி அஸ்ரன் வில்லாக் கழகத்தைச் சேர்ந்தார். விதி மாறியும் அவர் புகழ் குன்றவில்லை.

1913ஆம் ஆண்டுக் கிண்ண இறுதியாட்டம் கிறிஸ்ரல் பலசில் ஓரிலக்கத்து இருபதினாயிரம் பேருக்கு மேற்பட்டோர் முன்னிலையில் நடைபெற்றது. எதிரி, அவ்வாண்டு முதற் பிரிவை வென்ற சண்டர்லாந்து. ஹார்டி காயமுற்றுச் சில நிமிடம் வெளியேறினார். பதிலாளரை இறக்கும் வழக்கம் அந்நாளில் இன்மையால், ஹாரப் என்னும் சக ஆட்டக்காரர் கோலைக் காத்தார். ஹார்டி மீண்டு வந்தார். வில்லா 1–0 என வென்றது.

போர் காரணமாக 1915 முதல் 1919 வரை லீக் ஆட்டங்கள் நின்றன. பலரது ஆட்ட வாழ்வு அத்துடன் முடிந்தது. ஹார்டியோ 1920ஆம் ஆண்டு ஏப்பிரலில், முப்பத்தேழாம் வயதில், இங்கிலாந்துக்காகத் தமது இருபத்தோராவதும் இறுதியுமான ஆட்டத்தை ஆடினார். அம்மாதமே ஹடேர்ஸ்பீல்டை வென்று இரண்டாவது கிண்ணமும் பெற்றார். பின்னர் நொட்டிங்ஹாம் பொரெஸ்ற் கழகத்துடன் 1922இல் இரண்டாம் பிரிவையும் வென்றார். 1966இல் மறைந்தார்.

மாணவர்காள்! ஆபத்து வந்தபின் பாய்வது வீரம். வருமுன் அறிந்து உரிய இடத்தில் நிற்பது அறிவு. முன்னதற்குக் கைதட்டுவோர் பலர். பின்னதற்குக் கைதட்டு இல்லாதிருக்கலாம். ஆயினும் கழகம் தோலாதிருப்பது அதனாலேயே. வகுப்பறைக்கும் வாழ்க்கைக்கும் இஃது ஒக்கும்.