குனிந்து பார், பறவை நிமிர்ந்து தெரியும்!

கேமரா என்றதும் நமக்குக் கல்யாண வீடும் குரூப் போட்டோவும்தான் ஞாபகம் வரும். ஆனால் சேற்றில் படுத்துக்கொண்டு கையளவு பறவை ஒன்றைப் படம் பிடிப்பதும் ஒரு வித்தைதான். அதற்குள்ளே நாம் வகுப்பில் படிக்கிற கணக்கும் சர்வேயும் ஒளிந்திருக்கின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

யார் இந்த விருந்தாளிகள்?

நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்துக்குத் தெற்கே இருக்கிறது கோடியக்கரை. 1967ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் ஆரம்பித்து உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி என்று கரைப்பறவைகள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்து இறங்கும்.

இவற்றில் கொசு உள்ளான் ரொம்பச் சிறியது. நீளம் சுமார் 13 செ.மீ., எடை 20 முதல் 30 கிராம் வரைதான். அது குஞ்சு பொரிப்பதோ வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளில்! ஏப்ரல், மே வாக்கில் அங்கே திரும்பிப் போக வேண்டும். போகிற வழிக்குப் பெட்ரோல், சேற்றில் பொறுக்கித் தின்கிற புழு பூச்சிதான். அதை உடம்பில் கொழுப்பாகச் சேர்த்துக்கொண்டு கிளம்பும். நாம் ஒரு தடவை விரட்டினால் அதற்கு இரண்டு நஷ்டம். தின்கிற நேரமும் போச்சு, சேர்த்த கொழுப்பும் செலவாச்சு.

ஆக, கிட்டேயும் போகணும், விரட்டவும் கூடாது. இரண்டுக்கும் ஒரே வழி, தாழ்ந்து போவது.

ஒரு சின்னக் கணக்கு

தாழ்வாக எடுத்த படத்தில் பறவை மட்டும் பளிச்சென்று தெரியும், பின்னணி பட்டுத்துணி மாதிரி மங்கி நிற்கும். காரணம் வடிவொத்த முக்கோணம்தான்.

பறவை 10 மீட்டர் தூரத்தில் நிற்கிறது. அதன் கண் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் நின்றுகொண்டு 150 செ.மீ. உயரத்திலிருந்து பார்த்தால், பார்வைக்கோடு மீட்டருக்கு 14 செ.மீ. இறங்குகிறது. பறவையைத் தாண்டி சுமார் 70 செ.மீ.யிலேயே சேற்றில் முட்டிவிடும். அதே கேமராவை 15 செ.மீ. உயரத்தில் வைத்தால் கோடு மீட்டருக்கு அரை செ.மீ.தான் இறங்கும். பறவைக்குப் பின்னால் 20 மீட்டர் போய்த்தான் தரையைத் தொடும்! பின்னணியின் மங்கல் சுமார் 10 மடங்கு கூடுகிறது. கேமராவைச் சரியாக 10 செ.மீ.க்கு இறக்கினால் கோடு தரைக்கு இணை. பின்னால் தொடுவானம்தான்.

லென்ஸ் அதேதான், பறவையும் அதேதான். மாறியது நம்முடைய உயரம் மட்டுமே.

எவ்வளவு கிட்டே?

400 மி.மீ. லென்ஸில் 10 மீட்டர் தூரத்துக் கொசு உள்ளானின் பிம்பம் சென்சாரில் சுமார் 5 மி.மீ. நீளம் விழும். 5 மீட்டரில் அது இரண்டு மடங்காகும். ஆனால் தெளிவாக விழும் ஆழம் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஏபிஎஸ்-சி சென்சாரில், எஃப் 5.6ல், 10 மீட்டரில் சுமார் 14 செ.மீ. இருக்கும் ஆழம் 5 மீட்டரில் மூன்றரை செ.மீ.தான். அதனால் ஃபோகஸை எப்போதும் கண்ணில் வைக்கணும். பறவை பக்கவாட்டில் திரும்பும்போது அமுக்கணும்.

செய்முறை

1. சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியோடுதான் போக வேண்டும். எங்கே சேறு புதையும் என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. காலையில், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி இடம் பாருங்கள். பறவை நீரோரமாக மேய்ந்துகொண்டே நகரும். அதைத் துரத்தாமல், அது வருகிற திசையில் முன்கூட்டியே போய்ப் படுத்துவிடுங்கள்.

3. ஸ்டாண்டு வேண்டாம். தட்டு ஒன்றில் மணல் நிரப்பிய துணிப்பையை வைத்து, அதன் மேல் லென்ஸைச் சாய்த்தால் போதும். சேற்றில் வழுக்கிக்கொண்டே நகர்த்தலாம்.

4. ஷட்டர் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும். வெள்ளை வயிறு வெளுத்துப்போகாதபடி வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

5. பறவை தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் அப்படியே அசையாமல் இருங்கள். மறுபடி மேயத் தொடங்காவிட்டால் மெல்லப் பின்வாங்குங்கள். பவளக்காலி கத்தினால் பக்கத்துப் பறவைகளும் உஷாராகிவிடும்.

6. எடுத்து முடித்ததும் சட்டென்று எழுந்திரிக்கக் கூடாது. பறவைகள் தள்ளிப் போன பிறகு தவழ்ந்தே திரும்புங்கள். கேமராவில் படிந்த உப்பை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள்.

நம்மால் முடியுமா?

"அந்த லென்ஸுக்கு நாம எங்கே போறது?" என்று கேட்பீர்கள். 1912ல் திருநெல்வேலியில் பிறந்து, காட்டுயிர்ப் படங்களுக்குப் பேர்போன மா. கிருஷ்ணன், வெவ்வேறு பாகங்களைத் தானே பொருத்திச் செய்த கேமராவைத்தான் காட்டுக்குத் தூக்கிப் போனார். பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. நாலு பேர் சேர்ந்தால் ஒரு லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுக்க முடியாதா? அதுவும் இல்லையென்றால், கேமரா இல்லாமலே ஒரு காலைப்பொழுது படுத்துப் பாருங்கள். நின்று பார்த்தபோது சேற்றுப் புள்ளியாகத் தெரிந்தது கண்ணும் அலகும் பசியும் உள்ள உயிராகத் தெரியும்.

நல்ல படத்துக்கு அடையாளம் ஒன்றுதான். நாம் எடுத்து முடித்த பிறகும் பறவை அதே இடத்தில் மேய்ந்துகொண்டிருக்க வேண்டும். படம் நமக்கு, பயணம் அதற்கு!

- இரண்டாம் ஆண்டு, சிவில்