தவளையின் குரல்

பழனியை அடுத்த கீரனூர்ப் பகுதி வறண்ட சமவெளியாகும். ஐப்பசித் திங்களில் வடகிழக்குப் பருவமழை நன்கு பொழிந்த இரவில், குட்டைகளிலும் வயல்களிலும் எழுகின்ற தவளைகளின் பேரொலி உறங்குவோரையும் எழுப்பிவிடும். "தவளை தன் வாயாற் கெடும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. கத்துகின்ற தவளை பகைவர்க்கு எளிதில் இரையாவதைக் கண்டே முன்னோர் இவ்வாறு கூறினர் போலும். இம்மொழி பொய்யன்று, எனினும் பாதி உண்மையே ஆகும். வாயாற் கெடுகின்ற அத்தவளை, வாயாலேதான் வாழவும் செய்கின்றது.

இரவெல்லாம் கத்துவன ஆண் தவளைகளே. பெண் தவளை அக்குரலைக் கேட்டுத் தன் துணையைத் தேடி வருகின்றது. அது நீரில் முட்டையிடும்பொழுது, அதன் முதுகைப் பற்றியிருக்கும் ஆண் அம்முட்டைகளைக் கருவுறச் செய்கின்றது. குரல் கொடாத ஆணைப் பெண் நாடி வருவது அரிது.

நம் வயல்களில் வாழும் பெருந்தவளையைப் பாருங்கள். மற்றைய நாள்களில் சேற்று நிறத்துடன் ஒளிந்து வாழும் ஆண், மழை பெய்தவுடன் மஞ்சளாடை போர்த்ததுபோல் ஒளிரும். அதன் கழுத்தின் இருபுறமும் நீலநிறக் குரற்பைகள் புடைத்தெழும். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, நுரையீரலிலுள்ள காற்றைக் குரற்பைக்குச் செலுத்தி அது ஒலியெழுப்புகின்றது. காற்று வீணாவதில்லை, ஆனால் ஆற்றல் பெரிதும் செலவாகின்றது. இரவு முழுதும் கத்தும் தவளைக்கு இரை தேடவும் நேரமிராது. ஆகவே பல இரவுகள் தொடர்ந்து நீர்நிலைக்கு வருவது எல்லா ஆண்களாலும் இயல்வதன்று. நெடுநாள் குரல் கொடுக்கும் இனங்கள் பலவற்றில், மிகுதியான இரவுகள் வந்த ஆணுக்கே துணை கிடைக்கும் வாய்ப்பு மிகுதி என ஆராய்ந்தோர் கண்டனர். அழகினும் வலிமையினும் விடாமுயற்சியே இங்கு முந்துகின்றது.

குரலிலும் தரமுண்டு. நடு அமெரிக்காவிலுள்ள பனாமா நாட்டில் துங்காரா என்னும் சிறு தவளை வாழ்கின்றது. தனித்திருக்கும் ஆண் நீண்ட ஓசை ஒன்றை மட்டும் எழுப்பும். போட்டிக்கு வேறு ஆண்கள் இருப்பின், அதன் இறுதியில் "சக், சக்" என்னும் குறுகிய ஒலிகளையும் சேர்க்கும். மைக்கேல் ரயன் என்னும் அறிஞர் இவ்விரு குரல்களையும் ஒலிபெருக்கிகளின் வழியே ஒலிக்கச் செய்தார். பெண் தவளைகள் "சக்" ஒலியுள்ள குரலையே நாடிச் சென்றன. அவ்வொலி தாழ்ந்திருப்பின் இன்னும் விரும்பின; பருத்த ஆணின் ஒலியே தாழ்ந்திருக்கும். ஆனால் தவளை தின்னும் வௌவாலும் அதே ஒலியைத்தான் விரும்பி வருகின்றது என்பதை ரயனும் டட்டிலும் 1981-இல் வெளியிட்டனர். பெண்ணை அழைக்கும் ஒலியே கூற்றுவனையும் அழைக்கின்றது!

இவ்விடரைத் தவிர்க்கும் சூழ்ச்சி அறிந்த ஆண்களும் சில இனங்களில் உண்டு. அவை உரத்த குரலுடைய ஒன்றன் அருகே ஓசையின்றி ஒடுங்கியிருந்து, நாடி வரும் பெண்ணை இடைவழியிலேயே பற்றிக்கொள்ளும். பாடுபடுவது ஒன்று, பயன் கொள்வது மற்றொன்று.

குரலைத் தேர்வதால் பெண்ணுக்கு வரும் நன்மை யாது? வட அமெரிக்கச் சாம்பல்நிற மரத்தவளையைக் கொண்டு 1998-இல் இதற்கு விடை காணப்பட்டது. ஒரே பெண்ணின் முட்டைகளை இரு கூறாக்கி, நெடுங்குரல் ஆணாலும் குறுங்குரல் ஆணாலும் தனித்தனியே கருவுறச் செய்தனர். நெடுங்குரல் தந்தையின் தலைப்பிரட்டைகளே பெரும்பாலும் நன்கு வளர்ந்தன. கீரனூர்க் குட்டை போன்ற நீர்நிலைகளில் இவ்வளர்ச்சி சிறு செய்தியன்று. மழை நின்றதும் அங்கு நீர் நாளுக்கு நாள் சுருங்கும். அது வற்றுமுன் கால் முளைத்துக் கரையேறும் தலைப்பிரட்டையே அடுத்த மழையைக் காணும்.