கேனைத் தொடும் முன் குழாயைப் பார்த்து வை

தங்கச்சி, பால் டெய்ரியோ இறால் கம்பெனியோ, கிளீனிங் ஷிஃப்டில் சேர்ந்தால் முதல் வேலை இதுதான். கண் கழுவும் குழாய் எங்கே, ஷவர் எங்கே என்று பார். திறந்து, தண்ணீர் வருகிறதா என்றும் பார். வழியில் கிரேட் அடுக்கியிருந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லி எடுக்க வை.

பைப்லைன் கழுவுகிற காஸ்டிக் சோடாவை நினைத்தால்தான் எனக்குப் பயம். ஆசிட் பட்டால் பெரும்பாலும் உடனே சுரீர் என்னும், கையை இழுத்துக்கொள்வோம். காஸ்டிக் வழவழவென்று சோப்புத் தண்ணீர் மாதிரி இருக்கும். தோலிலுள்ள கொழுப்பையே அது சோப்பாக்குகிறது. வலி தெரிவதற்குள் ஆழமாக இறங்கிவிடும். அதனால் “எரியலையே” என்று இருந்துவிடாதே.

பட்ட நொடியே ஓடுகிற தண்ணீரில் காட்டு. குறைந்தது 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. தூளாகவோ செதிலாகவோ விழுந்தால் முதலில் உலர்வாகத் தட்டிவிடு. தண்ணீர் ஓடும்போதே நனைந்த உடுப்பு, கம்பூட், வளையல் எல்லாவற்றையும் கழற்று. கூச்சப்படாதே, கூட வேலை செய்கிறவர்கள் சுற்றி நின்று மறைப்பார்கள். கண்ணில் தெறித்தால் இமையை விரலால் பிரித்துப் பிடித்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விடு. எலுமிச்சை, வினிகர் ஊற்றி முறிக்கப் பார்க்காதே, அதில் சூடு கிளம்பும். மஞ்சள், டூத்பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம்.

பேன்ட்டை கம்பூட்டுக்கு வெளியே விடு. உள்ளே செருகினால் வழிகிற திரவம் பூட்டுக்குள் தேங்கி, பாதத்தை வேகவைத்துவிடும். மீன், இறால் தொடுகிற மெல்லிய கையுறை இதற்குப் போதாது. முழங்கைவரை வரும் தடித்த ரப்பர் உறையும், கண்ணை முழுக்க மூடும் கண்ணாடியும் கேட்டு வாங்கு. கலக்கும்போது பச்சைத்தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு, காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றாதே. அலுமினியப் பாத்திரம் ஆகாது. குளோரினையும் ஆசிடையும் ஒரே வாளியில் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். மிச்சத்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவும் விடாதே.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கேன் லேபிளை போட்டோ எடுத்துக்கொள். இ.எஸ்.ஐ.யில் இருந்தால், சேர்ந்த முதல் நாளே வேலையிடத்தில் காயம் பட்டாலும் உனக்குச் சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும் உண்டு. அதற்கு விபத்துப் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். “சமைக்கும்போது சுட்டுக்கிட்டேன்னு சொல்லிடும்மா” என்று யார் கேட்டாலும் சம்மதிக்காதே. டாக்டரிடம் எந்த கெமிக்கல், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று சொல்லி, சீட்டில் எழுதச் சொல்.