எல்லைக் கோடும் இடாப்பில் பேரும்: யாழ்ப்பாணத் தொகுதிகள் தரும் பாடம்



தேர்தல் வந்தால் "எங்க தொகுதி, எங்க மாவட்டம்" என்று பேசிக்கொள்கிறோம். அந்த எல்லையை யார் போடுறாங்க, எதை வைத்துப் போடுறாங்க என்று யோசிப்பது குறைவு. இந்த இதழில் யாழ்ப்பாணத்துக் கதையைப் பார்ப்போம். யாழ்ப்பாணம் நமக்குத் தூரம்தான். ஆனால் அங்கே நடந்த கணக்கு நம்ம லயத்துக்கும் பொருந்தும்.

1. நான்கு பதினொன்றானது

1931-இல் இலங்கையில் ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை என்ற முறை வந்தது. அப்போது அரசாங்க சபைக்குக் குடாநாட்டில் நான்கு தொகுதிகள் இருந்தன: யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை. அந்தத் தேர்தலை அங்குள்ளவர்கள் பகிஷ்கரித்ததால், நான்கு ஆசனமும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன.

1947-இல் வட்டுக்கோட்டை, கோப்பாய், சாவகச்சேரி சேர்ந்து தொகுதிகள் ஏழாயின. 1960-இல் நல்லூர், உடுவில், உடுப்பிட்டியும், குடாநாட்டுக்கு வெளியே கிளிநொச்சியும் சேர, யாழ் மாவட்டத்துக்குப் பதினொன்று. 1977-இல் உடுவில் தொகுதிக்குப் பதிலாக மானிப்பாய் வந்தது.

இது எப்படிக் கூடியது? சனத்தொகையில் 75,000 பேருக்கு ஒரு ஆசனம், நிலப்பரப்பில் 1,000 சதுர மைலுக்கு ஒரு ஆசனம் என்று மாகாணங்களுக்குக் கணக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு எல்லை நிர்ணய ஆணைக்குழு கோடு கீறியது. ஆட்கள் பெருகினால் தொகுதியும் பெருகும்.

2. தலையை எண்ணினாங்க, வாக்கைத் தரல்ல

இதே கணக்குதான் மலைநாட்டுக்கும். 1947-இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949-இல் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தன. நம்மில் பெரும்பாலானோருக்கு வாக்கு இல்லாமல் போனது.

ஆனால் 1959-இல் எல்லை பிரித்தபோது சனத்தொகைக் கணக்கில் நம்மையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள். நம்ம தலைகளால் மலைநாட்டுக்கு ஆசனம் கூடியது. அந்த ஆசனத்துக்கு ஆளைத் தெரிவு செய்தவர்கள் வேறு ஆட்கள். கொழுந்து நாம பறிக்க, நிறுவை இன்னொருத்தர் பேரில் போட்ட மாதிரி! 1947-இல் நுவரெலியாவில் வென்ற சௌ. தொண்டமான், மறுபடி தேர்தலில் வென்றது 1977-இல், மூன்று அங்கத்தவர் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில்தான்.

3. கோடு அசையவில்லை, ஆசனம் குறைந்தது

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. நாடு 22 தேர்தல் மாவட்டங்களானது. கிளிநொச்சி 1984-இல் தனி நிர்வாக மாவட்டமானாலும், தேர்தலுக்கு இன்றும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1977 வன்செயலுக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வன்னிக்குப் போன நம் உறவுகளில், கிளிநொச்சியில் குடியேறியவர்கள் வாக்களிப்பதும் இந்த மாவட்டத்தில்தான்.

மாவட்டங்களுக்கு மொத்தம் 196 ஆசனங்கள். இதில் மாகாணத்துக்கு நான்கு வீதம் 36 நிலையானவை. மற்ற 160-ஐயும் பதிவான வாக்காளர் தொகையை வைத்துப் பிரிக்கிறார்கள். அதாவது இப்போது எண்ணுவது ஆட்களை அல்ல, இடாப்பில் உள்ள பேர்களை.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆசனங்களைப் பாருங்க:

1989 – 11
1994 – 10
2000 – 9
2015 – 7
2024 – 6

எல்லைக் கோடு அதே கோடுதான். யுத்தத்தால் மக்கள் இடம்பெயர்ந்தார்கள், வெளிநாடு போனார்கள். இடாப்பில் பேர்கள் குறைந்தன. மற்ற மாவட்டங்களில் பேர்கள் கூடின. 2024-இல் யாழ்ப்பாணத்துக்கு ஒன்று குறைந்தபோது, கம்பஹா 18-இலிருந்து 19 ஆனது.

4. நாம் செய்ய வேண்டியது

செக்ரோலில் பேர் விழாவிட்டால், அன்றைக்கு மலையில் வேலை செய்தும் சம்பளம் இல்லை. வாக்காளர் இடாப்பும் அப்படித்தான். உங்க பேர் இல்லாவிட்டால் உங்க வாக்கு மட்டும் போகாது. மாவட்டத்தின் கணக்கிலும் ஒன்று குறையும். 2024-இல் நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டு ஆசனங்கள். அதுவும் பேர்களை நம்பி நிற்கும் எண்தான்.

இடாப்பை வருஷா வருஷம் திருத்துகிறார்கள். கிராம உத்தியோகத்தர் பகுதியில் பதிவு நடக்கும்போது, லயத்தில் ஒவ்வொரு காம்பராவிலும் 18 வயது நிரம்பியவர்கள் எல்லோருடைய பேரும் சேர்ந்ததா என்று பாருங்க. புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள், கொழும்பில் கடை வேலைக்குப் போன மகன் – இவங்க பேர்தான் அதிகம் தவறிப்போகும். மகன் எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறான் என்று கேட்டுக்கொள்ளுங்க. இரண்டு இடத்திலும் இல்லாமல் விட்டுவிடாதீங்க.

வீட்டில் பேசிப் பாருங்க:

• 1959-இல் எண்ணியதற்கும் இன்று எண்ணுவதற்கும் என்ன வித்தியாசம்?
• எல்லை மாறாமலே யாழ்ப்பாணத்தில் ஆசனம் குறைந்தது ஏன்?
• நம்ம வீட்டில் எத்தனை பேர் 18 வயது தாண்டியவர்கள்? எத்தனை பேர் இடாப்பில் இருக்கிறோம்?