கணக்கு நோட்டுக்கு ஒரு முகப்பு

பள்ளிக் கணக்கு நோட்டின் மேலட்டையில் காம்பசும் பாகைமானியும் வரைவது வழக்கம். தச்சரின் உளியைக் காட்டித் தேர் என்பது போன்றது இது! முகப்பிலும் சிறிது கணிதம் இருத்தல் வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு பயிலும் என் தங்கைக்காக, எங்கள் ஸ்ரீமுஷ்ணத்து வாசல்களில் இடும் புள்ளிக் கோலத்தைத் தேர்ந்தேன். 7 புள்ளி, நேர்ப்புள்ளி, 1 வரை. மேலிருந்து நடுவரிசை முடிய 1+3+5+7=16; இது 4-இன் வர்க்கம். கீழே 5+3+1=9; 3-இன் வர்க்கம். கூட்டினால் 25, அதுவும் வர்க்கமே. பிதாகரஸ் தேற்றத்தின் 3, 4, 5 அன்றோ இவை! 9 புள்ளியில் தொடங்கினால் 41 வரும், அது வர்க்கமாகாது. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இருவண்ணம் மாற்றித் தீட்டி அட்டையைச் சாய்த்தால், நாலுக்கு நாலும் மூன்றுக்கு மூன்றுமாய் இரு சதுரங்கள் பின்னிக் கிடக்கக் காணலாம்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்ந்தோரும் 1974-இலேயே கோலத்தைக் கணினி இலக்கண ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். பள்ளி சென்றறியாத என் அன்னையாரோ, 7 புள்ளி என்றதும் எண்ணாமலே 25 என்பார்.

அட்டையைக் கண்டவர், "இழை எங்கேடா? வெறும் புள்ளியை விடலாமா?" என்றார். பென்சிலை வாங்கி, கை எடுக்காமல் அவரே இழுத்து முடித்தார்.