நெல்லின் உருவில் நிற்கும் களை

கோரையைக் கண்டறிந்து பிடுங்கத் தெரியாத உழவர் இலர். ஆனால், நெல்லின் உருவிலேயே வயலில் நிற்கும் களையை எங்ஙனம் பிடுங்குவது? சத்தீஸ்கர் சமவெளியில் நேரடி விதைப்பு செய்யும் உழவர்களை நெடுங்காலமாக வாட்டிவரும் இடர் இது. அவர்கள் இக்களையைக் 'கர்கா' என்பர்; கேரளத்தார் 'வரிநெல்' என்பர்; நாம் களைநெல் என்கிறோம்.

களைநெல் ஒரே வடிவினதன்று. ஒரே வயலில் உமி கறுத்தவை, பழுத்தவை, வைக்கோல் நிறத்தவை எனப் பலவும் காணலாம். சிலவற்றின் மணி நுனியில் நீண்ட வால் இருக்கும், சிலவற்றில் இராது. சில பயிரினும் உயர்ந்து வளரும். சில பயிரோடு ஒத்து நிற்கும். பெரும்பாலும் அரிசி சிவந்திருக்கும். எனினும் இரண்டு குணங்கள் பொதுவானவை: முற்றியவுடன் மணி உதிர்வது ஒன்று, உதிர்ந்த மணி மண்ணில் உறங்கிக் கிடந்து, சில ஆண்டுகள் கழித்தும் முளைப்பது மற்றொன்று.

இத்தனை வேற்றுமை எங்கிருந்து வந்தது? நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்கும் பயிர். நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே பிற செடியின் மகரந்தம் சேரும். ஆயினும் ஒரு வயலில் எத்தனை ஆயிரம் பூக்கள்! பயிரும் காட்டுநெல்லும் கலந்து பிறந்த வித்து, அடுத்தடுத்த தலைமுறைகளில் பலவாறாகப் பிரிந்து வெளிப்படுகிறது. அவற்றுள் உழவரின் கண்ணுக்குத் தப்பியவையே வித்து உதிர்க்கின்றன. ஆகவே, களையெடுக்கும் நம் கையே பயிரைப் போன்ற களையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுகிறது!

இதற்கு ஓர் உபாயம் கண்டனர். அக்காலத்து மத்திய மாகாணத்தில் (இன்றைய சத்தீஸ்கர் அதன் ஒரு பகுதி) ஊதா இலை நெல்லை விதைத்து, பச்சை இலையுடன் முளைப்பதைப் பிடுங்கச் செய்தனர். இதனைப் பற்றிய ஆய்வுரை 1943இல் வெளிவந்தது. முதலில் நல்ல பயன் விளைந்தது. ஆனால், தப்பி நின்ற பச்சைக் களையின் பூவில் ஊதாப் பயிரின் மகரந்தம் சேர்ந்தது. ஊதா நிறம் பெரும்பாலும் பச்சையை அடக்கும் இயல்புடையது. ஆதலின் அவ்வித்து உதிர்ந்து ஊதாக் களையாகவே முளைத்தது. சில பருவங்களில் களையும் பயிரும் மீண்டும் ஒரே நிறமாயின. பிடுங்கச் சென்றவர் கை தயங்கியது.

உபாயம் வீண் என்று கொள்ளவேண்டா. ஓராண்டு ஊதா இரகமும் மறு ஆண்டு பச்சை இரகமும் மாற்றி விதைத்தால், ஒளிந்தவை வெளிப்படும். வரிசை நடவு செய்தால் இடைவெளியில் முளைப்பது எந்நிறமாயினும் களையே. விதைக்கு முன் வயலை நனைத்து, முளைத்தவற்றை உழுது அழித்தலும் நன்று. யாவற்றிலும் முதன்மையானது விதை. விதை நெல் வாங்கும் உறுப்பினர் ஒரு கைப்பிடியை உமி நீக்கிப் பார்க்கட்டும். வெள்ளரிசி இரகத்தில் சிவந்த மணி ஒன்று தென்பட்டாலும், அம்மூட்டையை விதைக்காமல் சங்கத்திற்கே திருப்பிக் கொணர்தல் வேண்டும்.