வெள்ளி பார்க்கப் பழகுவோம்



எமது கிராமங்களில் நட்சத்திரத்தை 'வெள்ளி' என்றே சொல்வார்கள். வயல் காவலுக்குப் போனவர்களும், சூடு மிதித்தவர்களும், மாட்டுப்பட்டியில் படுத்தவர்களும் மணிக்கூடு இல்லாமலே வெள்ளியைக் கொண்டு இரவின் நேரத்தை அறிந்தார்கள். இதை எவரும் பாடமாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. தகப்பனுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்த பிள்ளைக்குத் தானாக வந்து சேர்ந்த அறிவு அது.

வயலை விட்டு வந்தபின் அந்தப் பாயும் இல்லை, காவல் கொட்டிலும் இல்லை. முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு இரவு என்றால் மின்விளக்கு. அதற்கு மூத்தவர்களுக்கு இரவு வானம் என்றால் வெளிச்சக் குண்டும் விமான இரைச்சலும். யுத்தம் 2009இல் முடிந்தது. ஆனாலும் வானத்தில் ஒரு ஒளி நகர்ந்தால் பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போகிற தாய்மாரை நாம் இன்றும் சந்திக்கிறோம். வெள்ளிகளின் பெயரும் நேரமும் அறிந்தவர்கள் இன்று எழுபதும் எண்பதும் வயதானவர்கள். அவர்களிடமிருந்து கேட்டு வாங்க எமக்கு அதிக காலம் இல்லை. இதற்குக் கைத்தொலைபேசி உதவுமா என்று சில குழுக்களுடன் சேர்ந்து பார்த்தோம். நாம் கற்றதை இங்கே எழுதுகிறோம்.

எந்தச் செயலி?

வானத்தைக் காட்டும் செயலிகள் பல உண்டு. நாம் இரண்டைப் பயன்படுத்தினோம். ஒன்று 'ஸ்கை மப்'. கூகுள் நிறுவனத்தார் 2009இல் வெளியிட்டு, 2012இல் எவரும் எடுத்துத் திருத்தக்கூடியதாகத் திறந்துவிட்டார்கள். இதைப் பதிவிறக்க மட்டுமே டேட்டா வேண்டும், பிறகு டேட்டா இல்லாமலும் வெள்ளிகளைக் காட்டும். மற்றது 'ஸ்டெலாரியம்'. பிரான்ஸ் நாட்டவரான ஃபபியன் ஷெரோ கணினிக்காகத் தொடங்கியது, பின்னர் கைத்தொலைபேசிக்கும் வந்தது. வானத்தை இன்னும் அழகாகக் காட்டும். கூடுதல் வசதிகளுக்குக் காசு கேட்கும். எமது தேவைக்கு இலவசமாகக் கிடைப்பதே போதும், ஒரு சதமும் கட்ட வேண்டாம்.

பலர் நினைப்பதுபோல இது கமராவால் வானத்தைப் பார்ப்பதல்ல. நீங்கள் நிற்கும் இடம், நேரம், கைத்தொலைபேசியை நீட்டிய திசை ஆகிய மூன்றையும் கொண்டு, அந்தத் திசையில் இந்த நேரத்தில் எந்த வெள்ளி இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து வரைகிறது. ஆகவே கூரையை நோக்கிப் பிடித்தாலும் வெள்ளி தெரியும். நிலத்தை நோக்கிப் பிடித்தால் உலகத்தின் மறுபக்கத்து வானம் தெரியும். பகலிலும் காட்டும். இதைக் கண்டு எமது குழுவில் ஒரு அம்மா, "அப்ப இது பொய் சொல்லுது" என்றார். பொய்யல்ல, மூன்று விபரங்களில் ஒன்று பிழைத்தால் படம் முழுவதும் பிழைக்கும்.

இடத்தைக் கைத்தொலைபேசி தானாக அறியாவிட்டால் நாமே எழுதிக் கொடுக்கலாம். கிளிநொச்சிக்கு வட அகலாங்கு 9.4, கிழக்கு நெட்டாங்கு 80.4. மன்னாருக்கு 9.0, 79.9. மட்டக்களப்புக்கு 7.7, 81.7. அதிகம் பிழைப்பது திசைதான். வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில், மழை விட்ட ஒரு மார்கழி இரவில் கூடியிருந்தோம். உழவு இயந்திரத்தில் சாய்ந்து நின்ற இளைஞர் ஒருவர் வடக்கு வெள்ளி என்று குளத்துப் பக்கத்தைக் காட்டினார். அது தெற்கு. முதியவர் ஒருவர் சிரித்துவிட்டு, "தம்பி, உங்கடை போனுக்கு வடக்குத் தெரியேல்லை. மூண்டு வெள்ளி எழும்பின பக்கம் கிழக்கு. அதிலையிருந்து பாருங்கோ" என்றார்.

முதியவர் சொன்னது முற்றிலும் சரி. ஒரே கோட்டில் நிற்கும் அந்த மூன்று வெள்ளிகளும் பூமியின் நடுக்கோட்டுக்கு நேரே இருப்பவை. ஆதலால் எந்த நாட்டில் நின்று பார்த்தாலும் ஏறக்குறைய நேர் கிழக்கே எழுந்து நேர் மேற்கே படும். கைத்தொலைபேசியில் உள்ள திசைகாட்டியோ காந்தத்தால் இயங்குவது. இரும்புக்குப் பக்கத்தில் அதன் புத்தி தடுமாறும். இயந்திரத்தை விட்டுத் தள்ளி நின்று, கைத்தொலைபேசியை 8 என்ற எண்ணை எழுதுவதுபோல நாலைந்து தரம் சுழற்றினால் சரியாகிவிடும். மலிவான சில கைத்தொலைபேசிகளில் திசைகாட்டியே இல்லை. அவற்றில் படத்தை விரலால் தள்ளி, நாமே கண்டுபிடித்த கிழக்குடன் பொருத்திக்கொள்ள வேண்டும்.

வெளியே போகுமுன்

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் செல்லும். வெள்ளைத் திரையை ஒரு கணம் பார்த்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். செயலியில் சிவப்பு நிறத்துக்கு மாற்றும் இரவு முறை உண்டு, அதைப் போடுங்கள். அமாவாசையை அண்டிய நாட்கள் நல்லவை. மாசி, பங்குனியில் வானம் தெளிவாக இருக்கும்.

நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. அண்ணாந்து பார்த்தபடி நடக்க வேண்டாம். கண்ணிவெடிப் பலகை நிற்கும் காணியையும், துப்புரவு செய்யப்பட்டதென உறுதியாகத் தெரியாத பற்றையையும் பகலில் தவிர்ப்பதுபோல இரவிலும் தவிருங்கள். பாம்புக்கும் யானைக்கும் வேறு கதை சொல்லத் தேவையில்லை. முற்றம், ஆலய வளவு, பாடசாலை மைதானம் என்பவையே போதும். காவலரணுக்கு அருகில் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். நீங்கள் பார்ப்பது வெள்ளி என்று தூரத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

பெயர்களைப் பொருத்துதல்

எமது கைத்தொலைபேசிகளில் பெயர்கள் ஆங்கிலத்தில் வந்தன. பிள்ளைகள் அவற்றை வாசித்தார்கள், பெரியவர்களுக்கு விளங்கவில்லை. பெரியவர்கள் சொன்ன பெயர்கள் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. பொருத்திப் பார்த்தபோதுதான் இரு பகுதியினரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று தெரிந்தது. பிளெயடிஸ் என்று எழுதியிருப்பது எமது கார்த்திகை. அறுமீன் என்பதும் அதுவே. யோபு ஆகமத்தில் 9ஆம், 38ஆம் அதிகாரங்களில் பேசப்படும் அறுமீன் இந்தக் கூட்டந்தான். அல்டெபரான் என்பது ரோகிணி. பெட்டல்ஜூஸ் திருவாதிரை. ரெகுலஸ் மகம். ஸ்பைகா சித்திரை. ஆர்க்டூரஸ் சுவாதி. அன்டாரஸ் கேட்டை. அல்டெயர் திருவோணம். பஞ்சாங்கத்தில் தன் பிறந்த நட்சத்திரத்தின் பெயரை அறிந்தவர் எல்லா ஊரிலும் உண்டு. அதை வானத்தில் ஒருதரமாவது கண்டவர் யார் என்று கேட்டோம். இருபத்திரண்டு பேரில் மூன்று கைகளே உயர்ந்தன.

மாதப் பெயர்களும் இங்கேயே கிடக்கின்றன. கார்த்திகை மாதத்துப் பூரணையில் சந்திரன் கார்த்திகைக் கூட்டத்தை அண்டி நிற்கும். சித்திரைப் பூரணையில் சித்திரை வெள்ளியை அண்டும். மாசியில் மகம். விளக்கீட்டன்று விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்து பாருங்கள். நிலவு வெளிச்சத்தில் கார்த்திகை மங்கலாகத் தெரியும். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் செயலி இடத்தைக் காட்டும்.

உயரத்தை அளக்கக் கையை நீட்டி முட்டியை மடித்துப் பிடியுங்கள். ஒரு முட்டி ஏறக்குறைய 10 பாகை. வட மாகாணத்தில் துருவ வெள்ளி வடக்கு அடிவானத்துக்கு மேலே ஒரு முட்டி உயரத்தில், எப்போதும் அதே இடத்தில் நிற்கும். மரம் மறைத்தால் தெரியாது. வைகாசி தொடங்கும் நாட்களில் இரவு 9 மணிக்குத் தெற்கே திரும்பினால் இரண்டு முட்டி உயரத்தில் தென்சிலுவை நேராக நிமிர்ந்து நிற்கும். விடிவெள்ளி என்பது வெள்ளியல்ல, சுக்கிரன் என்னும் கிரகம். ஏறக்குறைய எட்டு மாதம் விடியலில் தெரிந்து, மறைந்து, பிறகு மாலையில் மேற்கே வரும். சில இரவுகளில் மணிகளைக் கோர்த்ததுபோல வரிசையாக நகரும் ஒளிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். 2019 முதல் தொகுதி தொகுதியாக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செய்மதிகளே அவை. ஏவிய புதிதில் அப்படித் தெரியும்.

முதியவரும் செயலியும்

அந்த முதியவர், மூன்று வெள்ளி மேற்கே விழுந்தால் மாட்டை அவிழ்க்கும் நேரம் என்று சொன்னார். இரவு முழுவதும் சூடு மிதித்த மாடுகளை விடியுமுன் அவிழ்த்து விடுவது அக்கால வழக்கம். இளைஞர் செயலியில் திகதியை மாற்றிப் பார்த்தார். தைப்பொங்கலை அண்டி மூன்று வெள்ளி மேற்கே படுவது விடிகாலை 4 மணி. சரிதான். மாசி பிறக்கும்போது பார்த்தால் 2 மணியளவிலேயே பட்டுவிடுகிறது. "அப்பு, அது இரண்டு மணித்தியாலம் பிழைக்குதே" என்றார் இளைஞர்.

"தம்பி, நான் சொன்னது தையுக்கு. மாசியிலை நாங்கள் அதைப் பாக்கிறேல்லை. தேளின்ரை வால் கிழக்கை எழும்பினாப் பிறகு கொஞ்சம் பொறுத்துத்தான் அவிழ்க்கிறது" என்று முதியவர் பதில் சொன்னார். செயலியில் பார்த்தோம். மாசி தொடக்கத்தில் தேளின் வால் எழுவது இரண்டரை மணியளவில். இந்தத் தேள்வாலின் கதையை அவர் தம் பேரப்பிள்ளைகளுக்குக்கூட அதுவரை சொன்னதில்லை. கேட்க ஒருவரும் இருக்கவில்லை. செயலி முரண்பட்டதால் கேள்வி பிறந்தது, கேள்வியால் மிகுதி அறிவு வெளியே வந்தது. ஆகவே எமது ஆலோசனை: முதலில் பெரியவரைக் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், பிறகு செயலியைத் திறவுங்கள். முதலிலேயே கைத்தொலைபேசியை நீட்டினால் பெரியவர் பேசாமல் இருந்துவிடுவார். ஒரு குழுவில் எமக்கு அப்படி நடந்தது, ஒரு மாலை வீணாயிற்று.

விதைப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: புரட்டாதி பிறக்கும்போது கார்த்திகை இரவு 10 மணிக்கும், ஐப்பசி பிறக்கும்போது 8 மணிக்கும், கார்த்திகை மாதம் பிறக்கும்போது பொழுது படும் வேளையிலும் கிழக்கே எழும். நாளொன்றுக்கு 4 நிமிடம் முந்துவதால் மாதத்துக்கு 2 மணித்தியாலம். காலபோகத்தின் எல்லையை இதனால் கணித்தார்கள். வெள்ளி சொல்வது திகதியை மட்டுமே, மழையை அல்ல. செயலிக்கும் மழை தெரியாது. மழைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையும், தண்ணீர் திறக்கும் நாளுக்குப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் முடிவையும் கேளுங்கள். சாத்திரம் பார்க்கவும் இதை நாம் தரவில்லை.

கூட்டம் முடியும் தறுவாயில் ஒரு தாய், பழைய திகதியைப் போட்டாலும் காட்டுமா என்று கேட்டார். காட்டும் என்றோம். 1995 ஒக்ரோபர் 30 என்றார். வலிகாமம் முழுவதும் எழும்பி, நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்த இரவு. "அண்டைக்கு நிலவு இருந்ததோ?" இளைஞர் விரலால் ஆண்டைப் பின்னே தள்ளிக்கொண்டு போவதற்குள் முதியவர் விரல் மடித்துக் கணக்குப் பார்த்துவிட்டார். அந்த மாதம் 24ஆம் திகதி சூரிய கிரகணம். கிரகணம் அமாவாசையில் வருவது. அதிலிருந்து ஆறாம் நாள் என்றால் அரைச்சந்திரன். திரையிலும் அரைச்சந்திரனே வந்தது. நள்ளிரவை அண்டி மேற்கே படும் வளர்பிறை.

"மழை முகில் மறைச்சுப்போட்டுது. நாங்கள் ஒண்டும் காணேல்லை" என்றார் அந்தத் தாய். பிறகு கைத்தொலைபேசியைத் தம் கையில் வாங்கி, தாம் நடந்த கிழக்குப் பக்கத்தை நோக்கிப் பிடித்து, அங்கே எந்த வெள்ளி நின்றது என்று கேட்டார். அறுமீன் நன்றாக மேலே ஏறியிருந்தது.

உங்கள் குழுவில் செய்ய

அடுத்த அமாவாசைக்கு அண்மையில் ஒரு மாலை, பெரியவர் ஒருவரையும் பிள்ளைகளையும் ஒரே பாயில் இருத்துங்கள். கிழக்கு எது என்று கைத்தொலைபேசி இல்லாமல் முதலில் முடிவு செய்யுங்கள். பெரியவர் சொல்லும் ஒவ்வொரு வெள்ளியின் பெயரையும், அதைக் கொண்டு எந்த மாதத்தில் என்ன வேலை செய்தார்கள் என்பதையும் பிள்ளை ஒன்று கொப்பியில் எழுதட்டும். பிறகு செயலியில் தேடி ஆங்கிலப் பெயரையும் எழும் நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒத்துவராத இடத்தில் பெரியவரிடம் திரும்பக் கேளுங்கள். எழுதியதில் ஒரு பிரதியை எமக்கும் அனுப்பினால் அடுத்த இதழ்களில் வெளியிடுவோம். பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் குறிப்பிடுங்கள். இப்போது இருக்கும் முகவரியை அல்ல, அந்தப் பெயரைக் கற்ற ஊரை.